கிழக்கு இலண்டனின் சில்வியா அம்மையார்

இங்கிலாந்துப் பெண்கள் வாக்குரிமை பெற்ற வரலாற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே கதையாகக் கூறிவிடுகின்றன. பெண்கள் கேட்டார்கள், ஆட்சியாளர் மறுத்தார்கள், பெண்கள் கிளர்ந்தெழுந்து சிறை சென்றார்கள், ஈற்றில் 1918ஆம் ஆண்டிலே வாக்குரிமை கிடைத்தது என்பது அக்கதை. இதிற் பொய்யேதும் இல்லை. ஆயினும், பெண்கள் என்னும் அந்த ஒரு சொல்லுக்குள் மாளிகையில் வாழ்ந்த சீமாட்டியும், அவளுடைய சமையலறையில் ஏவல் செய்த வேலைக்காரியும் ஒருங்கே அடக்கப்பட்டுவிடுகின்றனர். இவ்விருவரும் ஒன்றையே கேட்டனரா, ஒன்றையே பெற்றனரா என்ற வினா எழுவதில்லை. அவ்வினாவைத் தம் தாயிடமும் தமக்கையிடமும் எழுப்பியவர் சில்வியா பாங்கர்ஸ்ட் அம்மையார். அதற்காக அவர் கொடுத்த விலை பெரிது.

பிறந்த குடி

சில்வியா 1882ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி மான்செஸ்டர் நகரிற் பிறந்தார். பருத்தி ஆலைகளாற் செல்வம் கொழித்த நகரம் அது; அவ்வாலைகளில் உழைத்தோரின் வறுமைக்கும் பேர்பெற்றது. தந்தையார் ரிச்சர்ட் பாங்கர்ஸ்ட் ஒரு பாரிஸ்டர். பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கக் கோரி 1870ஆம் ஆண்டிற் பாராளுமன்றத்தின் முன் வந்த மசோதாவை வரைந்தவர் அவரே. தாயார் எமலின் அம்மையாரோ வறியோர் நிவாரணச் சபையில் உறுப்பினராய் இருந்து, அனாதை விடுதிகளின் அவலத்தை நேரிற் கண்டவர். கீர் ஹாடி போன்ற தொழிலாளர் தலைவர்கள் அவ்வீட்டுக்கு வந்து போயினர். அரசியலும் சமூக நீதியும் அக்குழந்தைகளுக்கு அன்றாட உணவோடு ஊட்டப்பட்டன.

1898ஆம் ஆண்டிலே தந்தையார் திடீரெனக் காலமானார். குடும்பத்துக்கு எஞ்சியது கடன். எமலின் அம்மையார் பிறப்பு இறப்புப் பதிவாளர் உத்தியோகம் ஏற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். சித்திரத்திலே நாட்டம் மிகுந்த சில்வியா மான்செஸ்டர் சித்திரக் கல்லூரியிற் பயின்று, புலமைப் பரிசில் பெற்று வெனிஸ் நகர் சென்று, பின்னர் இலண்டன் அரச கலைக் கல்லூரியிற் சேர்ந்தார்.

இதற்கிடையில் நிகழ்ந்த ஒரு சம்பவம் குறிப்பிடத்தக்கது. மறைந்த தந்தையாரின் ஞாபகார்த்தமாகச் சுயேச்சைத் தொழிற்கட்சியினர் சல்போர்ட் பகுதியில் ஒரு மண்டபம் கட்டினர். அதன் சுவர்களைச் சித்திரங்களால் அலங்கரிக்கும் பணி சில்வியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. வேலை முடியும் தறுவாயில், அம்மண்டபத்தைச் சேர்ந்த கழகத்திற் பெண்களுக்கு இடமில்லை என்பது தெரியவந்தது. பெண்ணுரிமைக்காக உழைத்த ஒருவரின் பெயர் தாங்கிய கட்டடத்தில், அவருடைய மகளே உறுப்பினராக முடியாத நிலை! தொழிலாளருக்காகப் பேசுவோரும் பெண்களை மறந்துவிடக்கூடும் என்பதை அக்குடும்பம் அன்று கண்டது. 1903ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆம் திகதி, எமலின் அம்மையாரின் இல்லத்தில் பெண்கள் சமூக அரசியற் சங்கம் தோன்றியது. பெண்ணுரிமைக்காகப் பேசுவோரும் தொழிலாளரை மறந்துவிடக்கூடும் என்ற மற்றப் பாதியைச் சில்வியா கற்றறிய இன்னும் சில ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

தூரிகையுடன் ஒரு பயணம்

சங்கத்தின் கோரிக்கை ஒரு வரியில் அடங்கியது. ஆண்களுக்கு எந்த நிபந்தனைகளின்படி வாக்குரிமை உண்டோ, அதே நிபந்தனைகளின்படி பெண்களுக்கும் வேண்டும் என்பதே அது. கேட்பதற்கு நியாயமான இக்கோரிக்கையில் ஒரு சிக்கல் மறைந்திருந்தது. அக்காலத்து இங்கிலாந்தில் ஆண்களுக்கும் சர்வசன வாக்குரிமை இருக்கவில்லை. வீடு, வாடகை, சொத்து ஆகிய தகுதிகளின்படியே வாக்கு வழங்கப்பட்டது. வயதுவந்த ஆடவரிற் பத்துப் பேருக்கு ஏறத்தாழ நால்வர் அதனைப் பெறவில்லை. சொத்தும் வீடும் கணவன் பெயரிலேயே இருந்த ஒரு நாட்டில், அதே நிபந்தனையைப் பெண்களுக்கு விதித்தால், வாக்குச் சாவடிக்குச் செல்லக்கூடியவர்கள் செல்வப் பெண்டிரும் சொத்துடைய விதவைகளுமே. ஆலையில் நெய்யும் பெண்ணுக்கும் அடுக்களையில் வேகும் பெண்ணுக்கும் அந்த வெற்றியால் ஆவது சிறிது.

தொடக்கத்தில் இச்சங்கம் தொழிலாளர் இயக்கத்தின் மடியிலேயே வளர்ந்தது. ஓல்டம் பருத்தி ஆலையில் வேலை செய்த அனி கெனி என்னும் பெண் அதன் முன்னணியில் நின்றார். 1906ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற முதல் ஊர்வலத்திற் கிழக்கு இலண்டனின் ஏழைப் பெண்களே பெருந்தொகையினராய் நடந்தனர். ஆனால் தலைமையகம் இலண்டனுக்கு மாறிய பின்னர், செல்வர்களின் நன்கொடை பெருகியது. எமலின் அம்மையாரும் மூத்த மகள் கிறிஸ்தபெல்லும் 1907ஆம் ஆண்டிலே தொழிற்கட்சியை விட்டு விலகினர். சங்கத்தினுள்ளே தேர்தலும் இல்லை, விவாதமும் இல்லை. தலைமையின் கட்டளையே சட்டமாயிற்று.

அதே 1907ஆம் ஆண்டிற் சில்வியா மேற்கொண்ட பயணம் அவர் மனம் சென்ற திசையைக் காட்டுகின்றது. வண்ணப் பெட்டியுடன் வட இங்கிலாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் சென்று, உழைக்கும் பெண்களை அவர்களுடைய வேலைத் தலங்களிலேயே வரைந்தார். கிராட்லி ஹீத் ஊரில் உலைக்களத்தின் முன் நின்று சங்கிலி அடிக்கும் பெண்கள். லெஸ்ரர் நகரிற் சப்பாத்துத் தைக்கும் பெண்கள். ஸ்ராபர்ட்சயர் மட்பாண்டத் தொழிற்சாலைகளில் ஈய நஞ்சினிடையே வேலை செய்யும் பெண்கள். விகன் நிலக்கரிச் சுரங்கத்தின் வாயிலிற் கரி பொறுக்கும் பெண்கள். ஸ்காபரோ கடற்கரையில் மீன் வெட்டும் பெண்கள். கிளாஸ்கோ ஆலையின் புழுக்கத்தில் நூல் நூற்கும் பெண்கள். படம் வரைந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. ஒவ்வொருத்திக்கும் கூலி எவ்வளவு, அதே வேலைக்கு ஆடவன் பெறுவது எவ்வளவு, வேலை நேரம் எத்தனை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அச்சித்திரங்களில் இரக்கத்தைத் தூண்டும் மிகை இல்லை. வேலையிலே மனம் பதிந்த, கைத்திறன் உடைய மனிதராகவே அப்பெண்கள் காட்சி தருகின்றனர். அவற்றுட் சில இன்று இலண்டன் டேற் கலைக்கூடத்தின் உடைமை. சங்கத்துக்காகக் கொடிகளையும், எக்காளமூதும் தேவதையின் உருவையும், சிறை சென்றோர் அணிந்த பதக்கத்தையும் வடிவமைத்தவரும் சில்வியாவே. ஆனால் போராட்டம் முற்ற முற்றத் தூரிகைக்கு நேரம் இல்லாதுபோயிற்று. ஓவியராய் வாழ்வதா, போராளியாய் வாழ்வதா என்ற தேர்விலே தமக்கு மிக விருப்பமானதையே அவர் துறந்தார்.

போ வீதியில் ஒரு கடை

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதி துறைமுகத் தொழிலாளரும் கூலித் தையல்காரரும் நெருங்கி வாழ்ந்த இடம். அங்குள்ள போ என்னும் பகுதியிலேதான் பிரையன்ட் அன்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் 1888ஆம் ஆண்டில் வேலைநிறுத்தம் செய்து வெற்றி கண்டனர். 1912ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் சில்வியா அங்கு சென்று, போ வீதியில் ஒரு பழைய கடையை வாடகைக்கு எடுத்து, அதன் முகப்பிலே பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் வாசகத்தைத் தம் கையாலேயே பொன்னெழுத்தில் எழுதினார். அவ்வாண்டு நவம்பரில் அத்தொகுதி உறுப்பினர் ஜோர்ஜ் லான்ஸ்பரி, பெண்களின் வாக்குரிமைக்காகத் தம் பதவியைத் துறந்து இடைத்தேர்தலில் நின்று தோல்வியுற்றார். தோல்வியின் பின் சங்கத்தின் தலைமை அப்பகுதியைக் கைவிட எண்ணியது. சில்வியா அங்கேயே தங்கிவிட்டார்.

தொடர்ந்து வந்த இரு ஆண்டுகள் சிறையும் விடுதலையுமாய்க் கழிந்தன. உண்ணாவிரதம் இருந்த பெண்களுக்குக் குழாய் வழியே பலாத்காரமாக உணவு புகட்டப்பட்டது. அக்கொடுமையைச் சில்வியா ஹொலவே சிறையில் அனுபவித்தார். 1913ஆம் ஆண்டிலே புதிய சட்டம் ஒன்று வந்தது. உண்ணாதிருந்து நலிந்தவரை வெளியே விட்டு, உடல் தேறியதும் மீண்டும் பிடித்து அடைப்பது அதன் முறை. பூனை எலியை விட்டுப் பிடிப்பது போன்றிருந்தமையால் மக்கள் அதனைப் பூனை எலிச் சட்டம் என்றனர். சில்வியா உணவோடு நீரையும் மறுத்தார். உறக்கத்தையும் மறுத்து அறையினுள் ஓயாது நடந்தார். வெளியே வந்த நாட்களிற் சப்பாத்துத் தைக்கும் ஒரு குடும்பத்தின் சிறு வீட்டில் அவருக்குப் படுக்கை இருந்தது. கூட்டங்களுக்கு மாறுவேடத்தில் வருவார். பொலிசார் நெருங்கினால் அயலவர் சூழ்ந்து காப்பர். நடுத்தர வகுப்பிற் பிறந்த ஒரு பெண்ணைக் கிழக்கு இலண்டன் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது.

பாரிசில் நேர்ந்த பிரிவு

1913ஆம் ஆண்டு நவம்பரில், டப்ளின் நகரிற் கதவடைப்புக்கு ஆளான தொழிலாளருக்கு ஆதரவாக இலண்டனில் நடைபெற்ற கூட்டத்திற் சில்வியா பேசினார். ஐரிஷ் தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கொனொலியும் அதே மேடையில் இருந்தார். இது தலைமைக்குப் பொறுக்கவில்லை. 1914ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் பாரிசுக்கு அழைக்கப்பட்டார். கைதுக்குத் தப்பி அங்கிருந்தபடியே கிறிஸ்தபெல் சங்கத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

உண்ணாவிரதத்தால் உடல் தளர்ந்திருந்த தங்கையிடம் தமக்கை தம் முடிவைக் கூறினார். கிழக்கு இலண்டன் கிளை இனித் தனியாக இயங்கவேண்டும். தாய்ச் சங்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதற்கு அவர் காட்டிய காரணம் சிந்திக்கத்தக்கது. கல்வியும் ஓய்வும் இல்லாத உழைக்கும் பெண்கள் பெண்ணினத்திலேயே பலம் குன்றியவர்கள். பலம் குன்றியோரைக் கொண்டு போர் நடத்துவது எங்ஙனம் என்பது அவர் கருத்து. ஆணையை ஏற்று நடக்கும் தேர்ந்தெடுத்த சிலரே அவருக்கு வேண்டியிருந்தனர். சில்வியாவின் கருத்தோ இதற்கு நேர்மாறானது. வாக்குரிமையின் பயன் மிகுதியும் யாருக்குத் தேவையோ, அவர்களே அதனைப் போராடிப் பெறவேண்டும். பிறர் பெற்றுக் கொடுக்கும் உரிமை உரிமையாக நிலைக்காது. தாயார் அருகில் இருந்தார். மூத்த மகளின் பக்கமே சாய்ந்தார்.

கிழக்கு இலண்டன் சம்மேளனம் அன்று முதற் தனி இயக்கமாயிற்று. ஊதா, வெண்மை, பச்சை ஆகிய பழைய வர்ணங்களோடு சிவப்பும் அதன் கொடியிற் சேர்ந்தது. உறுப்பினர் கூடி நிருவாகிகளைத் தெரிவுசெய்தனர். அவ்வாண்டு மார்ச் மாதம் 8ஆம் திகதி வுமன்ஸ் டிரெட்நோட் என்னும் வாரப் பத்திரிகை அரைப் பெனி விலையில் வெளிவந்தது. தொழிற்சாலைப் பெண்களைத் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதுமாறு சில்வியா தூண்டினார்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இவ்வியக்கத்தின் மிகச் சிறந்த தினம் வந்தது. உழைக்கும் பெண்களின் தூதுக்குழுவைப் பிரதமர் அஸ்குவித் சந்திக்க மறுத்தார். நடக்கமுடியாத நிலையிலிருந்த சில்வியாவைத் தோழியர் தூக்கிச் சென்று பாராளுமன்ற வாயிலில் இருத்தினர். பிரதமர் இணங்கும்வரை அங்கேயே உண்ணாது கிடப்பதாக அவர் அறிவித்தார். பிரதமர் இணங்கினார். ஜூன் 20ஆம் திகதி ஜூலியா ஸ்கர் அம்மையாரின் தலைமையில் ஆறு பெண்கள் அவர் முன் சென்றனர். அவர்களுள் ஒருவர் தூரிகை கட்டும் தொழிலாளி. தாம் செய்த தூரிகை ஒன்றையே சான்றாகக் கொண்டுசென்று காட்டினார். சில்வியா அக்குழுவிற் சேரவில்லை. தமக்காகப் பேச அவர்களுக்குத் தெரியும் என்பதை நாட்டுக்கு உணர்த்துவதே அவர் நோக்கம். பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதாயின் ஆண்களுக்குள்ளவாறே பரந்த அடிப்படையில் வழங்கவேண்டும் என்னும் அளவுக்கு அன்று பிரதமர் இறங்கிவந்தார்.

யுத்த காலத்து அடுப்புகள்

ஆறு வாரங்களில் மகாயுத்தம் மூண்டது. எமலின் அம்மையாரும் கிறிஸ்தபெல்லும் வாக்குரிமைப் போராட்டத்தை நிறுத்தி, அரசாங்கத்துக்கு ஆள் சேர்க்கப் புறப்பட்டனர். சில்வியா யுத்தத்தை எதிர்த்தார். மேடைகளில் வீர முழக்கம் எழுந்தபோது கிழக்கு இலண்டனிற் பாணின் விலை ஏறியது; தொழிற்சாலைகள் மூடப்பட்டன; போர்முனைக்குச் சென்ற கணவனின் படிப்பணம் வராமற் பிள்ளைகள் பசித்திருந்தன.

பசித்தோருக்கு அவர் முதலிற் செய்தது சமைத்துப் போட்டதுதான். 1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் முடிவதற்குள் ஓல்ட் போர்ட் வீதியில் அடக்கவிலை உணவுச்சாலை திறக்கப்பட்டது. பெரியவருக்கு இரண்டு பென்ஸ், சிறுவருக்கு ஒரு பெனி. தருமக் கஞ்சி என்ற பெயர் அதற்கு வரலாகாது என்பதில் அவர் கண்டிப்பாயிருந்தார். கையேந்துவோராக அன்றி, விலை கொடுத்து உண்போராகவே அயலவர் அங்கு வரவேண்டும் என்பது அவர் விருப்பம். வேலையிழந்த பெண்களுக்கென விளையாட்டுப் பொம்மைத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். ஜெர்மன் பொம்மைகள் வராது நின்றுபோனமையால் அதற்குச் சந்தை இருந்தது. அங்கு மணித்தியாலத்துக்கு ஐந்து பென்ஸ் கூலி. அதுவே அப்பகுதியில் ஆடவரின் குறைந்தபட்சக் கூலி. துப்பாக்கித் தொழிலாளரின் பெயரால் வழங்கிய ஒரு பழைய மதுச்சாலை 1915ஆம் ஆண்டிலே தாய்மாரின் பெயர் பூண்டு, குழந்தைகள் காப்பகமும் வைத்தியசாலையுமாக மாறியது. பின்னர் மொன்ரிசோரி முறையிற் கல்வியும் அங்கு புகட்டப்பட்டது. பெண்களின் கூலி, தாய்மை, பிள்ளை வளர்ப்பு, உணவு என்பன யாவும் அரசியலே என்பதை அவர் கட்டுரைகளைவிட இவ்வடுப்புகளும் தொட்டில்களும் தெளிவாக உணர்த்தின.

1915ஆம் ஆண்டு ஜூலையில் எமலின் அம்மையார் அரசாங்கப் பண உதவியுடன் பெரும் ஊர்வலம் நடத்தி, யுத்த வேலையிற் சேரும் உரிமையைப் பெண்களுக்குக் கேட்டார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஆடவனின் இடத்தில் நிற்கும் பெண்ணுக்கு அவனுடைய கூலி கிடைக்குமா என்று மகள் கேட்டார். ஒரே வீட்டிற் பிறந்த இரு கோரிக்கைகள் இவை. ஒன்று பெண்ணின் கடமையைப் பேசிற்று. மற்றது அவளுடைய கூலியைப் பேசிற்று.

முப்பது வயது

1918ஆம் ஆண்டு பெப்ரவரியிற் சட்டம் நிறைவேறியது. இருபத்தொரு வயதுடைய ஆடவர் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். பெண்களுக்கோ வயது முப்பது ஆகியிருக்கவேண்டும். அத்துடன் அவளோ அவள் கணவனோ குறித்த பெறுமதியுள்ள வீட்டில் அல்லது நிலத்தில் உரித்துடையவராய் இருக்கவேண்டும். அன்றேற் பல்கலைக்கழகத் தகுதி வேண்டும். ஏறத்தாழ 84 இலட்சம் பெண்கள் வாக்காளராயினர். இது சிறிய வெற்றி அன்று. ஆயினும் விடுபட்டவர் யார் என்று பார்த்தாற் சில்வியாவின் அச்சம் வீணானதன்று என்பது புலப்படும். வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் உழைத்த இளம் பெண்கள், எசமானர் வீட்டில் தங்கி வேலை செய்த பணிப்பெண்கள், தட்டுமுட்டுப் பொருள்களுடன் வாடகைக்கு விடப்பட்ட அறைகளில் வாழ்ந்த தனிப்பெண்கள் ஆகியோர் பட்டியலில் இல்லை. ஆண், பெண் என்ற கோடு ஓரளவு அழிந்தது. உள்ளவள், இல்லாதவள் என்ற கோடு சட்டத்தில் எழுதப்பட்டது. அது நீங்க 1928ஆம் ஆண்டுவரை பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அக்காலத்திற் சில்வியா பாராளுமன்றத்திலேயே நம்பிக்கை இழந்திருந்தார். ருஷ்யப் புரட்சி அவரை ஈர்த்தது. 1917ஆம் ஆண்டிலேயே பத்திரிகையின் பெயரிற் பெண்கள் என்பது தொழிலாளர் என மாறியிருந்தது. 1920ஆம் ஆண்டிலே இரகசியமாக மொஸ்கோ சென்று, பாராளுமன்றத்திற் பங்குபற்றல் தகுமா என்பது பற்றி லெனினோடு மாறுபட்டு வாதிட்டார். வாக்குக்காக உயிரைப் பணயம் வைத்தவரே வாக்கின் பயனை ஐயுற்றது முரண்பாடுதான். திரும்பி வந்தபின், கடற்படையினரைத் தூண்டும் கட்டுரைகளை வெளியிட்டாரென்று ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. பத்திரிகையைக் கட்சியின் ஆதிக்கத்திற்கு விட மறுத்தமையால் 1921ஆம் ஆண்டிற் கொம்யூனிஸ்ட் கட்சியும் அவரை வெளியேற்றியது. தாயின் சங்கத்திலும் தோழரின் கட்சியிலும் அவர் தவறாகக் கருதப்பட்டது ஒரே குணத்துக்காகவே: கட்டளைக்கு அடங்கித் தம் வாயை மூட அவருக்குத் தெரியவில்லை.

பிற்காலம்

பின்னர் இத்தாலிய நாட்டு அரசியல் அகதியான சில்வியோ கோரியோவுடன் இல்லறம் நடத்தினார். திருமணப் பதிவை அவர் ஏற்கவில்லை. 1927ஆம் ஆண்டு டிசெம்பரில் மகன் பிறந்தான். எமலின் அம்மையார் அதன்பின் மகளின் முகத்திலும் விழிக்கவில்லை. 1928ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் திகதி காலமானார். பெண்களுக்குச் சமமான வாக்குரிமை வழங்கிய சட்டம் முற்றுப்பெற அப்போது மூன்று வாரங்கூட இருக்கவில்லை.

தாயான அனுபவத்தின் பின் பிரசவத்தில் மடியும் ஏழைத் தாய்மாரைப் பற்றி 1930ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதி, எல்லோருக்கும் இலவசமான தாய்மைச் சேவை வேண்டுமென வாதித்தார். மறு ஆண்டில் வாக்குரிமைப் போராட்டத்தின் பெருவரலாறு ஒன்றை வெளியிட்டார். பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்ட இலங்கையில், ஆண் பெண் இருபாலாரும் சர்வசன வாக்குரிமையின்படி முதன்முதலாக வாக்களித்ததும் அந்த 1931ஆம் ஆண்டிலேதான். அவ்வரலாற்று நூல் நெடுங்காலம் மாணவரின் மூல நூலாய் விளங்கியது. தமக்கையின்மீது கொண்ட மனத்தாங்கல் அதன் பக்கங்களிற் படிந்திருப்பதைப் பின்வந்த ஆய்வாளர் சுட்டிக்காட்டினர். அது நியாயமான குறையே. எனினும், தலைவியரின் கதையாய் முடிந்திருக்கக்கூடிய ஒரு வரலாற்றிற் கிழக்கு இலண்டனின் தூரிகைத் தொழிலாளியையும் தையற்காரியையும் பெயருடன் நிறுத்திவைத்த பெருமையும் அந்நூலுக்கே உரியது.

இத்தாலி எதியோப்பியாவின்மீது படையெடுத்தபோது அவருடைய இறுதிப் போராட்டம் தொடங்கியது. முசோலினியின் படை அடிஸ் அபாபாவினுட் புகுந்த 1936ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி, தம்முடைய ஐம்பத்து நான்காவது பிறந்த தினத்திலே, எதியோப்பியாவுக்காக ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கி இருபது ஆண்டுகள் நடத்தினார். மன்னராட்சியை என்றும் ஒப்பாத அவர் ஹெய்லி செலாசி மன்னரின் நண்பரானதை எள்ளி நகைத்தவரும் உளர். 1956ஆம் ஆண்டில் மகனுடன் அந்நாட்டிலேயே குடியேறி, 1960ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி தமது எழுபத்தெட்டாவது வயதில் அங்கே மறைந்தார். அடிஸ் அபாபா திரித்துவப் பேராலயத்தின் முன், அந்நாட்டுக்காகப் போரிட்ட வீரரிடையே, அரச மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

இலண்டனிற் பாராளுமன்றத்துக்கு அருகேயுள்ள பூங்காவில் 1930ஆம் ஆண்டு முதல் எமலின் அம்மையாரின் சிலை நிற்கிறது. கிறிஸ்தபெல்லின் உருவமும் 1959ஆம் ஆண்டில் அங்கு சேர்க்கப்பட்டது. அந்நினைவுச் சின்னத்திற் சில்வியாவுக்கு இடமில்லை. தாயும் தமக்கையும் செய்த தியாகம் பெரிது. அவர்களுடைய துணிவின்றி 1918ஆம் ஆண்டுச் சட்டமும் வந்திராது. அதனை மறுப்பது நன்றி கொல்லுதலாகும். ஆனால் அச்சட்டத்தைப் படிக்கும் மாணவன், அதிலே பெண்கள் என்று எழுதியுள்ள இடத்திற் சற்றே நின்று, எந்தப் பெண்கள் என்று கேட்பானாயின், போ வீதிக் கடையின் முகப்பிற் பொன்னெழுத்துத் தீட்டிய அப்பெண்மணியின் வாழ்வு வீண்போகவில்லை எனலாம்.